கணவாய்க் காற்றும் சிறு விமானமும்

தென்மேற்குப் பருவம் பிறந்துவிட்டால், ஏலமலைத் தொடரின் உச்சியில் கருமேகங்கள் வந்து குவிந்து மேற்குச் சரிவில் மழையைக் கொட்டித் தீர்க்க, நீரைப் பெரும்பாலும் இழந்துவிட்ட காற்று குமுளி, போடிமெட்டு முதலிய மலைவாயில்களின் வழியே கிழக்கு நோக்கி இறங்கி, கூடலூர் தொடங்கிக் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேனி என்று நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்கை வாரக்கணக்கில் விடாமல் உலுக்குவதை அப்பிரதேசத்து மக்கள் ஆண்டுதோறும் அனுபவித்து வருகிறார்கள். ஒருபுறம் ஏலமலையும் மறுபுறம் மேகமலையும் வருசநாட்டு மலையும் நிற்பதால், அகன்ற வெளியில் பரவிச் செல்ல வேண்டிய காற்று இங்கே ஒடுங்கிய வழியில் புகுந்து வேகம் பெறுகிறது. மலை முகடுகளில் மோதிக் கலைந்து வருவதால், சீராகவும் வீசாமல், ஓங்கி அடித்து, ஓய்ந்து, மறுபடியும் ஓங்கி அடிக்கிறது.

இந்தக் காற்றின் குணத்தை அறிய விரும்புகிறவர், ஆடி மாதத்து மத்தியானம் ஒன்றில் கம்பத்துக்கோ சின்னமனூருக்கோ அருகேயுள்ள வாழைத் தோட்டத்தின் வரப்பில் அரைமணி நேரம் நின்று பார்த்தால் போதும். குலை தள்ளிய மரங்களுக்குக் கம்பு நட்டு முட்டுக்கொடுத்திருப்பார்கள். இலைகளெல்லாம் நடுநரம்பு மட்டும் மிஞ்சும்படி கீற்றுக் கீற்றாகக் கிழிந்து தொங்கும். ஒரே நிதானத்தில் வெகுநேரம் வீசும் காற்றுக்குச் சாய்ந்து கொடுத்து நிற்கிற மரம், அக்காற்று ஒரு க்ஷணம் ஓய்ந்ததும் நிமிர்ந்து, நிமிர்ந்த வேகத்தில் எதிர்ப்புறம் சற்றே ஆடி, அந்த ஆட்டம் அடங்குவதற்குள் அடுத்த வீச்சு வந்து தாக்கும்போதுதான் வேரோடு சாய்கிறது. காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசிக்கொண்டிருந்த காற்று ஒரு வீச்சில் 45 கிலோமீட்டராக உயர்ந்தால், வேகம் ஒன்றரை மடங்குதான் ஆகிறது என்றாலும், மரத்தின் மேல் விழும் விசை இரண்டேகால் மடங்காகிவிடுகிறது. விமானத்தின் இறக்கையும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான்.

காற்றின் ஓட்டத்தை மின்சாரமாக்கும் பொறியாளர்களுக்கு இப்பள்ளத்தாக்கு ஒரு வரப்பிரசாதம். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்னும் கணவாய்களோடு கம்பம் கணவாயையும் சேர்த்தே தமிழ்நாட்டின் காற்று வளத்தை அவர்கள் கணக்கிடுகிறார்கள். ஆண்டிபட்டிப் பக்கத்து வெளிகளில் வரிசையாகச் சுழலும் காற்றாலைகள் அந்தக் கணக்கின் பலன். ஆயினும் காற்றாலை பூமியில் ஆழ வேரூன்றி நிற்பது. காற்று வரம்பு மீறினால் தன் இறக்கைகளைத் திருப்பி வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடக்கூடியது. சிறு விமானத்துக்கோ, தரையை விட்டு எழும்பும் அந்தச் சில விநாடிகளில், ஊன்றி நிற்பதற்கு ஓர் இடமும் இல்லை. சும்மா இருப்பதற்கு வழியும் இல்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் தரையில் விமான நிலையம் எதுவும் இல்லாவிட்டாலும், குமுளி மலையேறி அப்பால் சென்றால் இடுக்கி மாவட்டத்தில் வண்டிப்பெரியாற்றுக்கு அருகே சத்திரம் என்னும் இடத்தில் தேசிய மாணவர் படைக்காக ஏற்படுத்தப்பட்ட சிறு ஓடுபாதை ஒன்று இருக்கிறது. புல்மேட்டு வழியாகச் சபரிமலைக்கு நடந்துபோகிற தேனி மாவட்டத்து ஐயப்ப பக்தர்களுக்குச் சத்திரம் நன்கு தெரிந்த இடம். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில், குன்றுகளுக்கு நடுவே அமைந்த அந்த ஓடுபாதையின் நீளம் 650 மீட்டர்தான். முன்பு இறங்க முயன்றபோது பாதையை ஒட்டிய மண்மேடு தடையாக நின்றதால் திரும்பிப்போன விமானம், 2022 டிசம்பர் முதல் தேதியன்று கொச்சியிலிருந்து பறந்து வந்து அங்கே பத்திரமாக இறங்கியது. வந்தது ‘வைரஸ் எஸ்.டபிள்யூ. 80’ என்ற ஸ்லோவேனிய நாட்டு விமானம். இந்திய ராணுவ அமைச்சு 2015-ஆம் ஆண்டில் 194 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்த அதே வகை. இருவர் மட்டுமே உட்காரக்கூடியது; ஆட்களும் எரிபொருளும் சேர்ந்தாலும் மொத்த எடை 500 கிலோவைத் தொடாது. சுமார் 78 டன் எடையுடன் கிளம்பும் ஏர்பஸ் விமானத்தை இலேசாக அசைத்துவிட்டுப் போகும் ஒரு வீச்சு இந்தச் சிறு ஊர்தியை என்ன செய்யும் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஆனால் எவ்வாறு செய்கிறது என்பதை அறிவதே நமக்கு முக்கியம்.

விமானத்துக்கு இரண்டு வேகங்கள் உண்டு. தரையைப் பொறுத்த வேகம் ஒன்று. தன்னைச் சூழ்ந்த காற்றைப் பொறுத்த வேகம் மற்றொன்று. இறக்கைக்குத் தெரிந்தது இரண்டாவது மட்டுமே. 1903 டிசம்பர் 17-ஆம் தேதி அமெரிக்காவில் கிட்டி ஹாக் கடற்கரை மணலில் ரைட் சகோதரர்களின் விமானம் முதன்முதலில் எழும்பிய போது, 12 விநாடிகளில் அது கடந்த தூரம் சுமார் 36 மீட்டர்தான். அதாவது தரைமேல் அதன் வேகம் மணிக்கு 11 கிலோமீட்டர் அளவே. அவ்வளவு மெதுவாகச் சென்ற ஒரு பாரம் ஆகாயத்தில் நின்றதற்குக் காரணம், அன்று எதிரே மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்ததுதான். எதிர்க்காற்று அவர்களுக்கு அளித்த அந்த உபகாரத்தை அன்றே திரும்பப் பெற்றும் கொண்டது. நான்காவது பறத்தல் முடிந்து தரையில் நிறுத்தியிருந்த அவ்விமானத்தை ஒரு வீச்சு தூக்கிப் புரட்டி உடைத்துவிட, உலகின் முதல் விமானம் அதற்குப் பிறகு பறக்கவே இல்லை.

இன்று உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படுகிற செஸ்னா 172 என்ற நான்கு ஆசன விமானத்தை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். முழுப் பாரத்துடன் அது காற்றில் நிற்க வேண்டுமானால் ஏறக்குறைய மணிக்கு 89 கிலோமீட்டர் காற்றுவேகமாவது வேண்டும்; அதற்குக் கீழே இறக்கையின் தூக்கும் சக்தி திடீரென்று குலைந்துபோகிறது. விமானிகள் இதை ஸ்டால் என்பார்கள். ஆகவே 102 கிலோமீட்டர் அளவில் மூக்கைத் தூக்கி, 137 கிலோமீட்டர் வேகத்தில் மேலேறுவது வழக்கம். இப்போது எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கும்போது, ஒரு விமானி 105 கிலோமீட்டர் காற்றுவேகத்தில் தரையை விட்டு எழும்புகிறார் என்று கொள்வோம். தரைமேல் அவருடைய வேகம் 75. அந்த க்ஷணத்தில் வீச்சு ஓய்ந்து காற்று 10 கிலோமீட்டராகத் தணிந்தால், விமானம் தன் சடத்துவத்தால் தரைமேல் அதே 75 கிலோமீட்டர் வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கும். ஆனால் இறக்கை உணரும் வேகம் 85 ஆகிவிடுகிறது. எஞ்சின் பழுதாகவில்லை, விமானி எதையும் தொடவில்லை, இருந்தும் விமானம் பறக்கும் தகுதியை இழந்துவிட்டது. இழந்த வேகத்தை எஞ்சின் ஈடுசெய்யச் சில விநாடிகள் வேண்டும்; அந்தச் சில விநாடிகளுக்குள் தரை வந்துவிடும்.

தரைக்கு மிக அருகில், தன் இறக்கையின் நீளத்துக்குள் அடங்கிய உயரத்தில் பறக்கும்போது, தரையின் அண்மையால் இறக்கை நுனிகளின் காற்றுச் சுழல் கட்டுப்பட்டு, விமானத்தின் இழுவை குறைகிறது என்பது இங்கே இன்னொரு சூழ்ச்சியாக அமைகிறது. எழும்பத் தகாத வேகத்திலேயே எழும்பிவிட்டு, எல்லாம் ஒழுங்காக இருப்பதாக விமானி நினைத்து மேலும் உயர்ந்ததும், அந்தச் சலுகை மறைந்துபோக விமானம் அமுங்குகிறது. அமுங்குகிற விமானத்தின் மூக்கை மேலும் தூக்கத்தான் கை போகும். தூக்கத் தூக்க ஸ்டால் இன்னும் நெருங்கும்.

இதுவரை சொன்னது நேர் எதிரே வரும் காற்று. பக்கவாட்டிலிருந்து வரும் காற்றின் தொல்லை வேறு வகை. வானத்தில் உயரப் பறக்கும்போது சீரான பக்கக் காற்றினால் கெடுதல் ஒன்றும் இல்லை. வைகையில் வெள்ளம் போகிறபோது பரிசல் நீரோடு சேர்ந்து நகர்வது போல விமானமும் காற்றோடு சேர்ந்து நகரும். அந்த நகர்வைக் கணக்கிட்டு மூக்கைக் காற்றுப்பக்கம் சற்றுத் திருப்பி வைத்துக்கொண்டால் குறித்த வழியில் போகலாம். ஓடுபாதையில் உருளும்போதோ சக்கரங்கள் ஒரு திசையில்தான் செல்ல முடியும், காற்று வேறு திசையில் தள்ளுகிறது. பாதி எடை சக்கரத்தின் மேலும் பாதி எடை இறக்கையின் மேலுமாக, தரைக்கும் ஆகாயத்துக்கும் முழு உரிமையாகாமல் அது ஓடுகிற அந்த இடைநிலைதான் மிகப் பொல்லாதது.

வால்பகுதியில் செங்குத்தாக நிற்கும் துடுப்பின் மேல் பக்கக் காற்று மோதி வாலை ஒதுக்குவதால், மூக்கு காற்று வரும் திசை நோக்கித் திரும்பப் பார்க்கும். இறக்கைகளின் நுனி சற்று மேல்நோக்கி இருப்பதால், காற்றுப்பக்கத்து இறக்கையின் அடியில் காற்று புகுந்து அதைத் தூக்கப் பார்க்கும். இவற்றோடு எஞ்சினும் சேர்ந்துகொள்கிறது: பெரும்பாலான ஒற்றை எஞ்சின் விமானங்களில், விமானியின் இடத்திலிருந்து பார்க்கும்போது விசிறி கடிகார முள்ளின் திசையில் சுழல்வதால், முழுச் சக்தியும் கொடுக்கப்படும் வேளையில் மூக்கு இடப்புறம் இழுபடுகிறது. ஆகவே இடப்பக்கத்துக் காற்றில் கிளம்புகிற விமானி இரண்டு பகைகளை ஒரே காலால் எதிர்க்க வேண்டியவராகிறார். வலக்காலால் சுக்கான் மிதியை அழுத்தி, கைச்சக்கரத்தை இடப்புறமாக முழுதும் திருப்பி வைத்து, வேகம் ஏற ஏறக் கையைத் தளர்த்தி, காலை வேண்டியபடி கூட்டியும் குறைத்தும், கண்ணை ஓடுபாதையின் நடுக்கோட்டின் கடைசியில் பதித்துக்கொண்டு செல்வது, சீரான பக்கக் காற்றில் நல்ல ஆசிரியரிடம் எவரும் கற்றுக்கொள்ளக்கூடிய வித்தைதான்.

விட்டுவிட்டு அடிக்கும் காற்றில் இந்த வித்தை பலிப்பதில்லை. காற்று அடித்தபோது அழுத்திய கால், காற்று ஓய்ந்ததும் மிகையாகிவிடுகிறது. மூக்கு மறுபக்கம் பாய்கிறது. அதைத் திருத்துவதற்குள் மறு வீச்சு வந்து, திருத்தத்தையே குற்றமாக்குகிறது. காற்றின் பின்னால் கையும் காலும் ஓட ஓட விமானத்தின் ஊசலாட்டம் பெருகுகிறது. இதற்கிடையே ஒரு பலத்த வீச்சு, காலத்துக்கு முன்பே விமானத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் ஒதுக்கி, ஓய்ந்ததும் மறுபடி தரையில் போட்டால், குறுக்காக நகர்ந்தபடி இறங்கும் சக்கரத்தின் மேல் முழுப் பாரமும் விழுந்து சக்கரத்தின் கால் முறியலாம், இறக்கை நுனி தரையில் உரசலாம். கட்டுப்பாடு இழந்ததாக விபத்து அறிக்கைகளில் ஒரு வரியில் எழுதப்படுவதன் உட்பொருள் பெரும்பாலும் இந்த நான்கைந்து விநாடிப் போராட்டம்தான்.

எழும்பிய பின் ஒரு பக்கத்து இறக்கை திடீரென்று தாழ்ந்தால், கைச்சக்கரத்தை மறுபக்கம் திருப்பி அதைத் தூக்க முயல்வது மனித சுபாவம். வேகம் போதுமான அளவு இருந்தால் அது சரியே. ஸ்டால் நிலையில் தாழ்ந்த இறக்கையானால், அதைத் தூக்குவதற்காக அதன் பின் விளிம்பிலுள்ள அய்லரான் என்னும் அசையும் பலகையைக் கீழே இறக்குவது, ஏற்கெனவே காற்றைப் பிடிக்க இயலாமல் தவிக்கும் இறக்கையை இன்னும் செங்குத்தாகக் காற்றில் நிறுத்துவதற்குச் சமமாகி, விமானம் சுழன்று விழுகிறது. மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்பதே அப்போது செய்ய வேண்டியது. ஆனால் தரை இருபது மீட்டர் கீழே தெரியும்போது மூக்கைத் தாழ்த்துவதற்கு, பலமுறை பழகிப் பழகி இயல்பாகிவிட்ட பயிற்சி ஒன்றினால்தான் முடியும். கிளைடர்களின் முன்னோடியான ஜெர்மானியர் ஓட்டோ லிலியெந்தால் ஆயிரக்கணக்கான முறை பறந்த அனுபவசாலி. 1896 ஆகஸ்ட் 9-ஆம் தேதி அவருடைய கிளைடர் வேகம் இழந்து சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழ, மறுநாள் அவர் உயிர் நீத்தார்.

இவ்வகை விபத்துகளில் என் மனத்தை மிகவும் வருத்துவது 1996 ஏப்ரல் 11-ஆம் தேதி அமெரிக்காவில் ஷையென் நகரில் நிகழ்ந்தது. ஏழு வயதுச் சிறுமி ஜெஸிக்கா டுப்ராஃப், அமெரிக்காவைக் குறுக்கே பறந்து கடந்த மிக இளைய விமானி என்ற பெயரைப் பெறும் நோக்கத்துடன், தந்தையுடனும் பயிற்சி ஆசிரியருடனும் செஸ்னா 177 விமானத்தில் அன்று காலை கிளம்பினாள். இடிமழை நெருங்கிக்கொண்டிருந்தது, காற்று வீச்சு வீச்சாக அடித்தது, அந்த விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் 1,800 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருப்பதால் காற்று அடர்த்தி குறைந்தது, விமானமோ அனுமதித்த எடையைவிடச் சுமார் 44 கிலோ கூடுதலாகச் சுமந்திருந்தது. எழும்பிய சில நிமிஷங்களுக்குள் ஸ்டால் ஆகி வீடுகள் நிறைந்த தெரு ஒன்றில் விழுந்த அவ்விமானத்திலிருந்த மூவரும் மாண்டனர். மோசமாகிவரும் வானிலையில் கிளம்பத் தீர்மானித்ததே தவறு என்று விசாரணைக் குழு முடிவு கூறியது. குறித்த கால அட்டவணையும் பத்திரிகைகளின் ஆர்ப்பாட்டமும் அந்தத் தீர்மானத்தை உந்தின என்பதையும் அக்குழு மறைக்கவில்லை. அரைமணி நேரம் காத்திருந்தால் என்ற எண்ணம் அந்த அறிக்கையைப் படிக்கும் எவருக்கும் தோன்றாமல் இராது.

உயரம் செய்யும் கெடுதலை நம் சத்திரத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம். 1,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. உஷ்ணம் மிகுந்த நாளில் இன்னும் குறையும். எஞ்சினின் சக்தியும் விசிறியின் இழுப்பும் அதற்கேற்பத் தளர, எழும்புவதற்கு வேண்டிய வேகமோ கூடிவிடுகிறது. ஓட வேண்டிய தூரம் நீள்கிறது. மலை முகட்டைத் தாண்டி இறங்குகிற காற்று, முகட்டின் மறைவில் உருண்டு சுழலும் இயல்புடையதாதலால், ஓடுபாதையின் ஒரு முனையில் எதிர்க்காற்றாக இருப்பது மறு முனையில் பக்கக் காற்றாகவோ பின்காற்றாகவோகூட இருக்கலாம். ஓடுபாதை ஓரத்துக் கம்பத்தில் கட்டிய காற்றுப் பை ஏறக்குறைய 15 நாட், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் முழுதும் நிமிர்ந்து நிற்கும். அதற்கு மேல் எவ்வளவு என்பதை அது சொல்லாது. தான் நிற்கும் இடத்துக்கு அப்பால் என்ன நடக்கிறதென்பதும் அதற்குத் தெரியாது. செஸ்னா 172-இன் கையேட்டில் பக்கக் காற்றுக்குக் காட்டப்பட்டிருக்கும் அளவும் இதே 15 நாட்தான் என்பது நினைவிற்குரியது. சோதனை விமானி ஒருவர் வெற்றியுடன் செய்து காட்டிய அளவு அது. பயிற்சி மாணவனின் அளவு அதில் பாதியாக இருந்தாலும் வெட்கப்படுவதற்கில்லை.

காற்றின் வேகம் இவ்வளவு என்று சொல்லப்படும்போது அது பெரும்பாலும் சில நிமிஷங்களின் சராசரி என்பதை மறத்தல் ஆகாது. சராசரி 15 நாட், வீச்சு 25 நாட் என்றால், அந்த 10 நாட் வித்தியாசத்தில் பாதியை எழும்பும் வேகத்துடன் கூட்டிக்கொள், சக்கரங்களைச் சற்று அதிக நேரம் தரையில் அழுத்திவைத்திரு, பிறகு தயங்காமல் ஒரே மூச்சில் எழும்பு என்பது பயிற்சிக் கூடங்களில் சொல்லிக்கொடுக்கப்படும் விதி. இந்த விதி சிறு விமானத்துக்கு மட்டுமே என்று நினைப்பவர்களுக்கு 2008 டிசம்பர் 20-ஆம் தேதி டென்வர் விமான நிலையத்தில் நடந்ததைச் சொல்லலாம். 115 பேருடன் கிளம்பிய கான்டினென்டல் கம்பெனியின் போயிங் 737 விமானம் ஓடுபாதையில் விரைந்துகொண்டிருந்தபோது 45 நாட் அளவிலான பக்க வீச்சு தாக்க, இடப்புறமாகப் பாதையை விட்டு விலகி ஓடித் தீப்பற்றியது. நல்வினையால் எவரும் இறக்கவில்லை. விமானிகளுக்கு அறிவிக்கப்பட்டிருந்த காற்றின் வேகம் 27 நாட். அந்த நிலையத்தின் வேறு காற்றுமானிகள் அதைவிட அதிகமான வேகத்தைக் காட்டிக்கொண்டிருந்தும் அச்செய்தி அவர்களை எட்டவில்லை.

டென்வரில் கருவிகள் இருந்தும் செய்தி போய்ச் சேரவில்லை. நம் பக்கத்தில் காற்றை அளக்கும் அனுபவத்துக்குக் குறைவில்லை: சென்னையிலுள்ள தேசிய காற்று சக்தி நிறுவனம் நாடெங்கும் கம்பங்கள் நட்டுக் காற்றை அளந்திருக்கிறது, கணவாய்களில் காற்றாலை வைத்திருப்பவர்களோ காற்றின் போக்கைப் பார்த்துக்கொண்டே தொழில் நடத்துகிறவர்கள். மாணவர்கள் கிளம்பும் மலை ஓடுபாதை ஒவ்வொன்றிலும் இரு முனைகளிலும் நடுவிலுமாகக் காற்றுமானிகளை நிறுவி, சராசரியை மட்டுமன்றி வீச்சுகளையும் ஓய்வுகளையும் விநாடிக் கணக்கில் ஒரு முழு ஆண்டு பதிவு செய்து, பயிற்சியின் கால அட்டவணையை அந்தப் பதிவின்படி வகுக்க வேண்டும் என்று தேசிய மாணவர் படையினரையும் சிவில் விமானத் துறையினரையும் கேட்டுக்கொள்கிறேன். சூரிய வெப்பத்தால் தரை சுடாத அதிகாலையில் உயரத்துக் காற்று கீழே இறங்குவது குறைவாதலால், பறப்பதற்கு உகந்த வேளை பெரும்பாலும் அதுவே. அத்தகைய பதிவு கைக்கு வரும்வரையில், ஜூன் முதல் செப்டம்பர் முடிய முற்பகல் பத்து மணிக்குப் பின் சத்திரம் ஓடுபாதையிலிருந்து மாணவர் ஏறிய விமானம் எதுவும் கிளம்பக்கூடாது என்பதே என் துணிபு.